ஐந்தாம் மணியின் கடைசி இழுப்பு

மேவிஸ் ரஷ்பிக்கு "போதும்" என்று சொல்ல வராது. இங்கிலாந்தின் சின்ன ஊரான ஸ்கெல்பியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யார் வீட்டுக்குப் போனாலும் தேநீரில் பாலை ஊற்றிக்கொண்டே, "போதும்னா சொல்லு" என்பார்கள். இவள் சொல்ல மாட்டாள். ஊற்றுகிறவர் மனசு நோகுமே என்ற நினைப்போ என்னவோ, சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பாள். பால் விளிம்பைத் தாண்டித் தட்டில் வழிந்த பிறகு ஊற்றியவரே பதறிப்போய் நிறுத்துவார். "மன்னிச்சுக்கோங்க" என்பாள் மேவிஸ். வழியவிட்டவர்கள் அவர்கள், மன்னிப்புக் கேட்பவள் இவள். தேநீர் என்ற பெயரில் இருபது முப்பது வருஷமாக வெறும் வெள்ளைத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலை பள்ளிக்கூடச் சமையலறையில். கஸ்டர்ட் கரண்டி யார் கையில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவு செய்வார்கள். மேவிஸ் கையில் என்றால் கொண்டாட்டம். கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது. அதற்கும் மேவிஸ்தான் மன்னிப்புக் கேட்பாள். வீட்டில் புருஷன் நார்மன், எவனோ தூக்கி எறிந்த கேரவன் வண்டியை வாங்கி வந்து, "ஒரே மாசத்துல புதுசாக்கிக் காட்டறேன் பாரு" என்று முன் ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தினான். வருஷம் பத்துக்கு மேல் ஆகிவிட்டது. முன்னறைக்குள் வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. மேவிஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்வெட்டர் பின்னினாள்.

தேவாலயத்தில் மணியடிக்க வந்ததும் இந்தக் குணத்தால்தான். பாதிரியார் மனைவி ஒருநாள், மணியடிக்கிறவர்களுக்குத் தேநீர் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று மேவிஸுக்கு எப்போது வந்திருக்கிறது? போனாள். ஆறு கயிறுகளில் ஒன்றுக்கு ஆள் இல்லை. "சும்மா பிடிச்சுத்தான் பாரேன் கண்ணு, கடிச்சிடாது" என்றார் மணியடிக்கிறவர்களில் மூத்தவரான பெர்சி கோட்லிங். பிடித்தாள். விடவே இல்லை. மணிக்கோபுரத்தின் அடித்தளத்தில் வட்டமாக நின்று கயிறு இழுக்கும்போது யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை, எதையும் தலையில் கட்டுவதில்லை. அவளுடைய மணி எங்கே ஒலிக்க வேண்டுமோ அங்கே ஒலித்தால் சரி. அந்த நிம்மதி அவளுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

நிறுத்தச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் வார்த்தைக்கா பஞ்சம்? குதிரைக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, கூலிக்காரனுக்கு ஒன்று, குடித்துவிட்டுப் பாடுகிற மச்சானுக்கு ஒன்று என்று விதவிதமாக வைத்திருக்கிறோம். மணியறையில் அவை எதுவும் செல்லாது. அங்கே ஒரே வார்த்தைதான்: ஸ்டாண்ட். நில். அதையும் நினைத்தவர்களெல்லாம் சொல்லிவிட முடியாது. மணிகளை நடத்திப்போக ஒருவர் இருப்பார். அவரும் மற்றவர்களோடு நின்று ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டே, மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கிற வரிசை திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் "பாப்!" என்று குரல் கொடுப்பார். "நில்" சொல்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குக் கை ஓய்ந்தாலும் சரி, கால் மரத்தாலும் சரி, வீடே தீப்பிடித்தாலும் சரி, வாயை மூடிக்கொண்டு இழுக்க வேண்டியதுதான்.

வெளியாட்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. "நில்" என்று கேட்டதும் கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விட முடியாது. மேலே மணி, வாய் வானத்தைப் பார்க்கிற மாதிரி தலைகீழாக ஏறும், ஒரு முழுச் சுற்று விழுந்து மறுபடியும் ஏறும். அந்த உச்சியில் அது முட்டுக்கட்டையில் சாய்ந்து நிற்க வேண்டுமானால் கடைசியாக ஒரு நல்ல இழுப்பு வேண்டும். இழுப்பு குறைந்தால் மணி உச்சியை எட்டாமல் திரும்பி விழும், கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். நிறுத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் என்பது மணியடிக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம்.

பெர்சி கோட்லிங் அரை நூற்றாண்டாக ஐந்தாம் மணியை அடித்தவர். சர்க்கரைவள்ளி போல முகம், எழுபதைத் தாண்டிய வயது, வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது. அவருக்கு ஒரே ஒரு குறை. ஐயாயிரம் தடவைக்கு மேல் வரிசையை மாற்றி மாற்றி, நடுவில் நிறுத்தாமல், ஆள் மாற்றாமல், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அடித்து முடிப்பதற்கு பீல் என்று பெயர். முடித்தவர்கள் பெயரைத் தங்க எழுத்தில் பலகையில் எழுதி மணியறைச் சுவரில் மாட்டுவார்கள். பெர்சியின் அப்பா பெயர் அங்கே இருக்கிறது. தம்பி பெயர் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அந்தப் பலகைகளை மெழுகு போட்டுத் துடைப்பவர் பெர்சி. அவர் பெயர் எதிலும் இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை கயிறு அறுந்தது. ஒருமுறை குளவி உள்ளே வந்து பெரிய மணிக்காரனைப் பதம் பார்த்தது. ஒருமுறை புதிதாக வந்த பாதிரியார் கதவைத் திறந்துகொண்டு வந்து, "கல்யாண வீட்டுக்காரங்க போட்டோ எடுக்கறாங்க, கொஞ்சம் மெதுவா அடிக்கக்கூடாதா?" என்று கேட்டார். இன்னொருமுறை பாதிக்கு மேல் போய்விட்டது; பெர்சியின் கால்சட்டையைத் தாங்கிப் பிடித்த பட்டி அறுந்துபோய் கால்சட்டை கணுக்காலுக்கு இறங்கியது. அவர் ஒரு இழுப்பைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் மற்ற ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் வரிசை சின்னாபின்னமாகிவிட்டது. அன்று நடத்தியவர் சிரில். கண்ணீரைத் துடைக்க முடியாமல் அவர் "நில்" என்றதை இன்றைக்கும் பெர்சி மன்னிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பெர்சியின் இதயம் மக்கர் செய்தது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

"தூக்கக்கூடாதுன்னுதானே சொன்னாரு? நான் இழுக்கத்தானே போறேன்" என்றார் பெர்சி.

ஒரே ஒரு பீல். அதோடு கயிற்றைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சின்ன மணியைத் தருகிறோம் என்றார்கள். அது சின்னப் பிள்ளைகளுக்கு, எனக்கு என் ஐந்தாம் மணிதான் வேண்டும் என்றார். அதற்கும் சரி என்றார்கள். அப்புறம் அவர் இன்னொன்று கேட்டார். நடத்துகிற வேலை சிரிலுக்கு வேண்டாம், மேவிஸ் நடத்தட்டும்.

மணியறையில் எல்லோரும் சிரிலைப் பார்த்தார்கள். சிரில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. பதினைந்து வருஷமாக அவர்தான் நடத்துகிறார். அவருக்கு வாத நோய் வந்து கால் வீங்கிப் படுத்த நாட்களில் மேவிஸ் சின்னச் சின்ன மணியடிப்புகளை நடத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். சிரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம்" என்றார்.

மேவிஸுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போனதும் நார்மனிடம் சொன்னாள். சாப்பிடும்போது மறுபடியும் சொன்னாள். "என்னைத்தான் வேணும்னு கேட்டார், நார்மன். அத்தனை பேர் இருக்கும்போது என்னை." நார்மன் கேரவன் சக்கரத்தைப் பற்றி ஏதோ பதில் சொன்னான். அவளுக்கு அது காதில் விழவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருவர், அவளுக்கு "முடியாது" என்று சொல்ல வராது என்பதற்காக இல்லாமல், அவளால் முடியும் என்பதற்காக அவளைக் கேட்டிருக்கிறார் என்று நம்பினாள். சந்தோஷத்தில் அழுகைகூட வந்தது.

பெர்சி ஒரு வாக்குறுதியும் வாங்கிக்கொண்டார். தேவாலய வாசலில் வழிமறித்து, "எனக்கு என்ன ஆனாலும் சரி, கடைசி வரைக்கும் போயிடணும், நடுவுல நிறுத்தக்கூடாது. சத்தியமா?" என்றார்.

"சத்தியமா" என்றாள் மேவிஸ்.

மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையின் பின்வாசலுக்குப் பெர்சியின் மகள் ஜாய்ஸ் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. "அப்பாவைத் தடுக்க யாராலயும் முடியாது அக்கா. கதவைப் பூட்டிக்கிட்டு அடிப்பீங்க, நான் உள்ளேயும் வர முடியாது. நீங்கதான் பார்த்துக்கணும். அவர் முகம் கொஞ்சம் மாறினாலும் நிறுத்திடணும். சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா" என்றாள் மேவிஸ்.

ஜாய்ஸ் போன பிறகு உருளைக்கிழங்கு வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருவருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. யாராவது ஒருவருக்கு இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை. அதுதான் அவளுக்கு வராதே.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குத் தேதி குறித்தார்கள். கதவைத் தாழிட்டு, வெளியே "உள்ளே வராதீர்கள்" என்று அட்டை மாட்டினார்கள். கல்லறைத் தோட்டத்து பெஞ்சில் ஜாய்ஸ் பிளாஸ்க்கோடு உட்கார்ந்தாள். பெர்சி ஒரு பட்டிக்கு இரண்டு பட்டி போட்டு, போதாததற்கு பெல்ட்டும் கட்டி வந்திருந்தார்.

"இன்னிக்கு இது இறங்கணும்னா என்னையும் சேர்த்துத்தான் இறக்கணும்" என்றார்.

"வாயை அடக்கிட்டு மூச்சைச் சேர்த்து வைங்க பெரியவரே" என்றார் சிரில்.

மேவிஸ் இரண்டாம் கயிற்றைப் பிடித்தாள். ஆறு மணிகளும் கிளம்பின.

முதல் ஒரு மணி நேரம் பெர்சியைப் பார்க்கவே அழகாக இருந்தது. அலட்டல் இல்லாத இழுப்பு, கயிறு அவர் கைக்குத் தானாக வந்து விழுவது போல. மேவிஸ் சரியான இடங்களில் "பாப்!" சொன்னாள். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது, பிறகு நிலைத்துவிட்டது. இரண்டாம் மணி நேரத்தில் கறிக்கடை ட்ரெவர் ஒருமுறை தடுமாறினான். மேவிஸ் கண்ணாலேயே அவன் இடத்தைக் காட்டினாள், சமாளித்துக்கொண்டான். பெர்சி அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். இது நடக்கப்போகிறது என்று அவள் மனசு சொன்னது. பலகையில் ஆறு பெயர்கள், ஐந்தாவதாக பெர்சி கோட்லிங், கடைசியில் நடத்தியது மேவிஸ் ரஷ்பி என்று தங்க எழுத்தில் வரும். அதை மனசுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டாள், ஆசை யாரை விட்டது?

முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது பெர்சியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். வேர்வை எல்லோருக்கும்தான் இருந்தது. ஆனால் மற்றவர்கள் முகம் சிவந்திருந்தது, அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

மேவிஸ் அவரைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

சிரில் இவளை முறைத்தார். ட்ரெவரும் பார்த்தான். நான்கு ஜோடிக் கண்களும் அவள் வாயைத்தான் பார்த்தன. யாரும் பேசக் கூடாது, பேசவும் இல்லை. அவள் வாயைத் திறந்தாள். நில் என்று சொல்லத்தான் திறந்தாள். அந்த நொடியில் வரிசை திரும்ப வேண்டிய இடம் வந்துவிட்டது. "பாப்!" என்று வந்தது அவள் குரல்.

பெர்சி முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே மேவிஸ் அடுத்த இழுப்பையும் இழுத்தாள். இன்னும் கொஞ்சம்தானே என்று ஒரு மனசு. ஐம்பது வருஷ ஆசை, என்னை நம்பிக் கேட்ட மனுஷர், நானா கெடுப்பது என்று ஒரு மனசு. வெளியே பெஞ்சில் இருப்பவள் இன்னொரு பக்கம். யாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது சுலபம் என்றுகூட யோசித்தாள், பாவம். வேறெப்படி யோசிப்பது என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் காதில் அது பட்டது. ஐந்தாம் மணி சீக்கிரமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. இழுப்பு குறைந்ததால் மணி உச்சிவரை ஏறவில்லை. பாதி வழியில் திரும்பி, மற்ற மணிகளுக்கு முன்னால் முட்டிக்கொண்டு வந்தது. அடுத்ததில் இன்னும் சீக்கிரம். கயிற்றை அவர் இழுக்கவில்லை, கயிறுதான் அவரை ஆட்டிக்கொண்டிருந்தது. இவர் கடைசிவரை போவாரா என்பதல்ல கேள்வி. நிறுத்துவதற்கு ஒரு இழுப்பு வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் நிறுத்தச் சொன்னாலும் இவரால் நிறுத்த முடியாது. கயிறு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் விழுவார்.

"நில்!"

கோபுரமே கேட்கிற மாதிரி வந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை, நார்மன் கேட்டதில்லை, மேவிஸே கேட்டதில்லை. சிரில் வாழ்நாளில் சொன்ன எந்த "நில்"லும் அதற்கு ஈடாகாது. மணிகள் ஒவ்வொன்றாக ஏறி உச்சியில் நின்றன. பெர்சி பல்லைக் கடித்து, முழங்கால் மடங்க, முழு உடம்பையும் கயிற்றில் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். மேலே ஐந்தாம் மணி தயங்கி, ஏறி, முட்டுக்கட்டையில் சாய்ந்தது.

மூன்று மணி நேரம் காதை அடைத்த சத்தம் போய், மணியறையில் ஆறு பேர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"இன்னும் எவ்வளவு இருந்துச்சு?" என்றார் பெர்சி, அவளைப் பார்க்காமல்.

மேவிஸ் பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டு பாப். ஏழெட்டு நிமிஷம்" என்றாள்.

அவர் கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, கொக்கியில் மாட்டினார். அதற்குப் பிறகுதான் சுவரோரம் சரிந்தார். ட்ரெவர் தாழைத் திறக்க ஓடினான். ஜாய்ஸ் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கிப் போகும்போது பெர்சி கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், மேவிஸை மட்டும் தாண்டிப் போனது அந்தப் பார்வை.

பிழைத்துக்கொண்டார். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் கதை வேறு என்று டாக்டர் ஜாய்ஸிடம் சொன்னாராம். ஜாய்ஸ் ஒரு பெரிய கேக்கைச் செய்துகொண்டு வந்து மேவிஸைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆனால் வீடு திரும்பிய பெர்சி, "அவ இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பப்பில் ஒரு கட்சி, "உயிரைக் காப்பாத்தினவ" என்றது. இன்னொரு கட்சி, "ஏழு நிமிஷம்யா! ஏழு நிமிஷத்துல செத்தா போயிடுவான்?" என்றது. மேவிஸ் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. கோடை பிறந்து, பள்ளிக்கூடம் விடுமுறை விடுகிற நேரமும் வந்துவிட்டது. பெர்சியின் ஜன்னலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். என்னை நம்பி ஒரே ஒரு காரியத்தை ஒப்படைத்தார், அதையும் கெடுத்தேன் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

"போய் ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடேன் மேவிஸ்" என்றார் சிரில். "உனக்கென்ன புதுசா? தினமும் கேக்கறதுதானே."

போனாள். ஜாய்ஸ் கதவைத் திறந்து வழிவிட்டு, சந்தைக்குப் போவதாகக் கூடையை எடுத்துக்கொண்டு நழுவினாள். ஜன்னலோரம் போர்வை போர்த்திய நாற்காலியில் பெர்சி உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். எதிரே கோபுரம் தெரிந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?" என்றார்.

கேட்கத்தான் வந்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். ஆனால் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததும், எதற்காகக் கேட்பது என்று தெரியவில்லை.

"இல்ல. எப்படி இருக்கீங்கன்னு பார்க்க வந்தேன்."

"இருக்கேன். அதான் பார்க்கறியே." கோபுரத்தின் பக்கம் திரும்பினார். "உன்னை ஏன் நடத்தச் சொன்னேன்னு தெரியுமா கண்ணு?"

"நான் நல்லா நடத்துவேன்னு நினைச்சீங்க."

"நல்லாத்தான் நடத்தின. அதுக்காகக் கேக்கல." அவர் குரலில் வெட்கம் இருந்தது. "சிரில் நடத்தியிருந்தா நான் மொத இருமல் இருமினதும் நிறுத்தியிருப்பான். ட்ரெவரும் அப்படித்தான். இந்த ஊர்லயே அந்த வார்த்தை வாயில வராத ஒரே ஆள் நீதான். பால் வழிஞ்சாக்கூட சொல்ல மாட்ட. என்ன ஆனாலும் இவ நிறுத்த மாட்டா, அதான் எனக்கு வேணும்னு நினைச்சேன்."

மேவிஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நார்மனிடம் இரண்டு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. தங்க எழுத்தில் தன் பெயரை மனசுக்குள் படித்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு காலமும் யாரிடமும் காட்டாத கோபம் எங்கிருந்தோ கிளம்பி வந்தது.

"அப்போ கயித்தைப் பிடிச்சபடியே சாகலாம்னுதான் வந்தீங்க."

"ஆனா ஆகட்டும்னு வந்தேன்."

"நான் பார்த்துக்கிட்டே நிக்கணும். என் வாயிலிருந்து வார்த்தை வராம நீங்க செத்துக் கிடக்கணும். வெளிய உங்க பொண்ணு பிளாஸ்க்கோட உக்காந்திருக்கணும். அவ முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்னு யோசிச்சீங்களா? உங்களுக்குப் பலகை. எனக்கு? சாகற வரைக்கும் நான் அதைச் சுமக்கணுமா? சொல்லுங்க பெர்சி. ஒரு நிமிஷமாவது என்னை நினைச்சீங்களா?"

அவள் கத்திக்கொண்டிருந்தாள் என்பது நிறுத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மன்னிச்சுக்கோங்க என்று பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இல்ல" என்றார் பெர்சி. "நினைக்கல."

கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு தேய்த்துக் காய்ப்புக் காய்த்த கைகள் இந்த சில வாரங்களில் மெத்தென்று ஆகிவிட்டிருந்தன.

"நீ கத்தினப்போ என்கிட்ட ஒரே ஒரு இழுப்புதான் பாக்கி இருந்துச்சு" என்றார். "எனக்குத் தெரியும். அம்பது வருஷம் இழுத்தவனுக்கு அது தெரியாதா? ரெண்டு இல்ல, ஒண்ணு. அதை எதுல போடறதுன்னு யோசிக்கக்கூட நேரம் குடுக்கல நீ. அப்படி ஒரு குரல். கை தானா நிறுத்திடுச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அதுக்கு அடுத்த வரிசைல சொல்லியிருந்தா என்னால நின்னிருக்க முடியாது, மேவிஸ். இத்தனை நாளா இதைச் சொல்ல மனசு வராமத்தான் உன்னை வரவேண்டாம்னேன். உன் மேல கோவம்னு நினைச்சியா? கோவம்தான். ஆனா அது மட்டும் இல்ல."

அவர் எழுந்தார். உதவிக்கு வந்தவளைக் கையசைத்து உட்காரச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. ஒரு தட்டில் இரண்டு கோப்பைகளைக் கொண்டு வந்து வைத்தார். கருஞ்சிவப்பாக நல்ல கெட்டித் தேநீர். பால் குவளையை எடுத்து அவள் கோப்பைக்கு மேல் சாய்த்தார்.

"போதும்னா சொல்லு" என்றார், வழக்கம்போல.

பால் இறங்கியது. அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றாள் மேவிஸ்.

பெர்சி வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் சாய்த்தார். மேவிஸ் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"போதும்னு சொன்னேன்."

"சரிம்மா, சரி" என்றார் அவர். குவளையைக் கீழே வைக்கும்போது அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மேவிஸுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

ஸ்கெல்பி மணியறையில் அந்த சனிக்கிழமைக்குப் பலகை கிடையாது. முடியாத பீலுக்கு யாரும் பலகை மாட்டுவதில்லை. பெர்சி அதன் பிறகு கயிற்றைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மணியறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் தப்பாக அடித்தாலும் கிண்டல் செய்வார். நடத்துவது மேவிஸ்தான், சிரிலே விட்டுக்கொடுத்துவிட்டார். நார்மனின் கேரவன் இன்னும் ஜன்னலுக்கு எதிரேதான் நிற்கிறது, அதை மட்டும் கேட்காதீர்கள். ஆனால் மேவிஸ் இப்போது குடிப்பது நல்ல நிறமுள்ள தேநீர். முதல் மடக்கைக் குடித்துவிட்டு, அன்று பெர்சி வீட்டில் அவள் சொன்னது, "இதுக்கு இவ்வளவு ருசி இருக்குன்னு யாருமே சொல்லலையே" என்பதுதான்.